ஏழு கட்டிகளுக்கு ஒரு சீட்டு

ஜெஸீமாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நோயாளிக்கும் மரித்தவருக்கும் ஓதுகிற யாஸீன் சத்தம் ஹுஸ்னியாவுக்குக் கேட்டது. மாதம் ஒருமுறை சீட்டுக் கூடுகிற அந்த வீட்டில் வழக்கமாகக் கேட்பது ஊர்க்கதை; மூதூரில் யார் வீட்டில் என்ன கறி என்பதுகூட அங்கே தப்பாது. இன்றோ பதினொரு பெண்களும் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓதி முடித்ததும் ஜெஸீமா அவளைக் கதிரையில் இருத்தி, மடியில் ஒரு கடித உறையை வைத்தாள். உள்ளே இந்த மாதச் சீட்டுப் பணம், ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். பெயர்களைக் குலுக்கவே இல்லை. நோய் என்று யாரும் கேட்டால் குலுக்காமல் கொடுப்பது அந்தச் சீட்டின் வழமை.

எங்கே பிழை நடந்தது என்று ஹுஸ்னியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தாநாள் போனில் ஜெஸீமாவிடம், கட்டி எடுக்க ஒப்பரேஷன் இருக்கிறது, ஏலுமென்றால் இந்த மாதச் சீட்டைத் தாருங்கள் என்று கேட்டிருந்தாள். என்ன கட்டி என்று கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாள். ஜெஸீமா விம்மிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். மற்ற எதையென்றாலும் கிண்டிக் கிளறிக் கேட்கிற பெண்கள் இவர்கள். புற்றுநோய் என்று, அவர்கள் பாஷையில் 'அந்த வருத்தம்' என்று, சந்தேகம் வந்துவிட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். பேர் சொன்னால் அது தங்கள் வீட்டு வாசலுக்கும் வந்துவிடும் என்று பயம்.

அவளுக்கு இருந்தது வெறும் கொழுப்புக்கட்டி. இடக்கையின் மேற்புறத்தில் எலுமிச்சங்காய் அளவில் ஒன்று, இரண்டு கைகளிலுமாகச் சின்னதாய் ஆறு. லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, இதனால் கெடுதல் இல்லை, அவசரமான நோயாளிகள் முதலில் என்று டொக்டர் சொன்னார். அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. பிறகு தனியார் ஆஸ்பத்திரியில் விசாரித்தாள். கை மரத்துப்போக விறைப்பு ஊசி போட்டு ஏழையும் எடுத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம் என்று வியாழக்கிழமைக்குத் திகதி கொடுத்தார்கள். அவளுடைய கணவன் தாஹிர் நல்ல மனிதன், குரல் உயர்த்திப் பேசமாட்டான். அபாயாவுக்குள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் அவனும் கேட்டான். நான் பார்க்கிறேன்தானே என்றாள்.

பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறாள். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்துக்கு வந்ததும் எல்லோரும் அபாயாவைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாரியும் நகையுமாகப் பளபளப்பார்கள். இவள் மட்டும் வேர்த்து வடிய, குளிருது என்று சொல்லிக்கொண்டு மூலையில் இருப்பாள். அந்தப் பொய் அவளுக்கே அலுத்துவிட்டது. அடுத்த மாதம் கூடப்பிறந்த ராத்தாவின் மகள் ஆதிலாவுக்குக் கல்யாணம். அந்த வீட்டில் குளிருது என்று சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அதற்காகத்தான் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துச் சீட்டுக்கு மாதம் பத்தாயிரம் கட்டினாள்.

பணம் இப்போது மடியில் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் போதும், வியாழக்கிழமை எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து ரபீக்கா பக்கத்தில் வந்து குந்தினாள். மாரி தொடங்குமுன் கூரைக்குத் தகடு போட இந்த மாதச் சீட்டு விழாதா என்று மூன்று மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தவள் அவள்.

"என்ட கூரை ஒழுகினா சட்டி வைக்கலாம் ராத்தா. நீங்க சுகமாகி வாங்க."

ஹுஸ்னியாவுக்கு வெட்கமாக இருந்தது. உறையை எடுத்து ஜெஸீமாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு அந்த வருத்தமில்ல. இது கொழுப்புக்கட்டி. எடுக்காட்டியும் சாக மாட்டன்."

யாரும் நம்புவதாகத் தெரியவில்லை. தைரியம் சொல்கிறாள் என்று நினைத்து ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஹுஸ்னியா எழுந்து அபாயாவின் பொத்தான்களைக் கழற்றினாள். கழற்றப் போவதில்லை என்ற தைரியத்தில் உள்ளே போட்டுவந்தது கை குறைந்த பழைய சட்டை. கதவோரம் பதினொரு அபாயாக்கள் தொங்கிய கம்பியில் தன்னுடையதையும் மாட்டிவிட்டுத் திரும்பி வந்து நடுவில் நின்றாள். ஜெஸீமா கண்ணைத் துடைத்துவிட்டுக் கிட்ட வந்து, பெரிய கட்டியை விரலால் மெல்ல அமத்திப் பார்த்தாள். அது வழுக்கி நகர்ந்தது. அழுத அழுகையெல்லாம் வீணாய்ப் போன கோபம் அவளுடைய முகத்தில் ஏறியது.

"நோவில்ல, ஒண்டுமில்ல. அப்ப என்னத்துக்கு எடுக்கிற?"

"எனக்கு இது வேணாம். அதான் எடுக்கிறன்."

குலுக்குங்கள், இந்த மாதம் விழாவிட்டால் திகதியை மாற்றுவேன், கடைசிச் சீட்டாக வந்தாலும் எடுக்கத்தான் போகிறேன் என்று ஹுஸ்னியாவே சொன்னாள். இன்னும் சீட்டு எடுக்காத பத்துப் பேரின் பெயர்களையும் துண்டுகளில் எழுதி, சுருட்டி, பால்மா டின்னுக்குள் போட்டார்கள். ரபீக்காதான் குலுக்கினாள். யார் எடுப்பது என்று கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒருத்தியும் அசையவில்லை.

ஹுஸ்னியா இடக்கையை நீட்டினாள். டின்னின் வாய் ஒடுக்கம். மணிக்கட்டு வரை திணிக்கவேண்டியிருந்தது. கட்டி நல்ல வெளிச்சத்தில் இருந்தது. பதினொரு பெண்களில் ஒருத்தியும் அதைப் பார்க்கவில்லை. டின்னுக்குள்ளிருந்து வரப்போகிற விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.