வலது மடிப்பு

நாசுனா மென்சா இதுவரை ஏழு பேய்ப் படங்களில் செத்திருக்கிறாள். ஏழிலும் வெளிநாட்டுக்காரி வேடம்தான். ஓட்டலுக்கு வந்த சுற்றுலாப் பயணி, வழி தெரியாத மாணவி, இப்படி யாராவது ஒருத்தியாக வந்து பத்து நிமிடத்துக்குள் அலறிச் சாவாள். அப்பா கானாக்காரர், அம்மா ஜப்பானில் தொயாமா ஊர்க்காரி. இவளோ பிறந்ததிலிருந்து கியோத்தோவை விட்டு நகர்ந்ததில்லை. அதையெல்லாம் கேட்க யாருக்கு நேரம்? பிணமாக நடித்தவர்களின் தோளில், படப்பிடிப்பு முடிந்ததும் உப்பைத் தூவித் தீட்டுக் கழிப்பார்கள். இவளுக்கு மட்டும் ஒருவரும் தூவியதில்லை. வெளியாளுக்கு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

எட்டாவது படத்தில் அவளே பேய். தறியில் உட்கார்ந்தபடி செத்துப்போன ஒரு நெசவுக்காரியின் பேய்.

முதல் நாள் காலையிலேயே ஒப்பனை அறையில் வம்பு ஆரம்பித்தது. இடுப்பு வரை தொங்கும் நேரான கறுப்பு விக், அவளுடைய சுருட்டை முடிமேல் உட்கார மாட்டேன் என்றது. ஊசி குத்திப் பார்த்தார்கள், பசை தடவிப் பார்த்தார்கள். டைரக்டர் குராமோச்சியின் போனில் தயாரிப்பாளர் கத்திக்கொண்டிருந்தார்.

"முடி நேரா இல்லாட்டி அது பேய்னு எவனுக்குய்யா தெரியும்?"

குராமோச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டார். "மத்தியானத்துக்குள்ள விக் உட்காரலேன்னா வேற பொண்ணக் கூப்பிடச் சொல்றாரும்மா. நான் என்ன பண்ணட்டும்?" நல்ல மனுஷன்தான், முதுகெலும்புதான் கொஞ்சம் வளையும்.

எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வேடம், ஒரு விக்கினால் போகப்போகிறது. உடை அலங்காரத் தோக்கிவா அக்கா, ஒரு காதை அந்தச் சண்டையில் வைத்துக்கொண்டே நாசுனாவுக்கு வெள்ளைக் கிமோனோவைக் கட்டி முடித்தாள்.

நாசுனா கண்ணாடியைப் பார்த்தாள்.

"அக்கா, நான் இன்னும் சாகலையே."

"என்னம்மா சொல்றே?"

"இடது மடிப்பு மேல இருக்கு. உசுரோட இருக்கறவங்களுக்குத்தானே இப்படி, செத்தவங்களுக்கு வலதுதானே மேல வரணும்."

தோக்கிவாவின் முகம் வெளிறிவிட்டது. "முப்பது வருஷமா கட்டுறேன். இந்த முடிப் பஞ்சாயத்துல கை அதுபாட்டுக்குக் கட்டிருச்சு."

"பரவால்லக்கா, நானே கட்டிக்கறேன்." நாசுனா முடிச்சை அவிழ்த்தாள். இடது பக்கத்தை உள்ளே கொடுத்து, வலது பக்கத்தை மேலே கொண்டுவந்து, மார்பில் சுருக்கமில்லாமல் நீவினாள். "அம்மாவுக்கு நான்தான் கட்டிவிட்டேன். மூணு வருஷம் ஆச்சு."

கட்டி முடித்துத் திரும்பினாள். விக்கைப் பிடித்திருந்த ஒப்பனைக்காரர் இரண்டடி பின்னால் போய் நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

"இப்படித் திரும்பாதம்மா."

குராமோச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "சார், பேய் வந்துருச்சு. விக் வேண்டாம்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மாலை நான்கு மணிக்கு அன்றைய படப்பிடிப்பு முடிந்தது. பழக்க தோஷத்தில் நாசுனா நேராக வாசலுக்கு நடந்தாள்.

"ஏய், நில்லு. எங்க ஓடுறே?" தோக்கிவா உப்புக் கிண்ணத்தோடு வந்தாள். ஒரு பிடி தூவினாள். விடாமல் இன்னொரு பிடி, அப்புறம் இன்னொன்று.

"என்னக்கா, ஊறுகாயா போடப் போறீங்க?"

"சும்மா நில்லு. ஏழு தடவை பாக்கி இருக்குல்ல."

நாசுனா சிரித்தபடி அசையாமல் நின்றாள். சுருட்டை முடிக்குள் சிக்கிய உப்பை வீடு போய்ச் சேரும்வரை அவள் உதறவே இல்லை.