முதுகு காட்டி வந்த அம்மா

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எங்கள் பொம்மைப்படப் பட்டறை முதலாளி மைக்கைப் பார்வையாளர்கள் கையில் கொடுத்தார். கொடுத்திருக்கவே கூடாது. குழந்தைகளுக்காக எடுத்த படம். கருத்துச் சொன்னவர்களோ அத்தனை பேரும் அப்பா அம்மாக்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பக்கம் மைக்கை நீட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு அம்மாள் படம் ரொம்ப இருட்டாக இருக்கிறது என்றார். பாதாளத்தில் நடக்கிற கதைக்கு ட்யூப்லைட்டா போடுவார்கள்? கண்ணில்லாத வாயில்காப்போன் குழந்தைகளின் மனதைப் பாதிப்பான் என்றார் ஒருவர். அவர் மகனோ அந்த நேரத்தில் கண்ணை இறுக மூடி, கையை நீட்டிக்கொண்டு, வாயில்காப்போன் மாதிரியே நாற்காலிகளுக்கு நடுவே குஷியாக நடந்துகொண்டிருந்தான். இன்னொருவர், பொம்மைகள் பிரமாதம், எந்தக் கம்ப்யூட்டரில் செய்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் கை. பொம்மையின் விரலை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம் என்று வருஷக்கணக்கில் குனிந்தே கிடந்ததில் என் கழுத்து போய்விட்டது. நாள் முழுக்க உழைத்தால் பொம்மை ஒரு பெருமூச்சு விடும். அவ்வளவுதான்.

செத்துப்போன அம்மாவைத் தேடி ஒரு சிறுமி பாதாளத்துக்குப் போகிறாள். இதுதான் கதை. அம்மாவைக் கண்டும் பிடிக்கிறாள். ஆனால் செத்தவர்கள் திரும்ப முடியாது. அதை அம்மாவே மகளிடம் சொல்லி, தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, பனிமூட்டத்துக்குள் நடந்து போய்விடுகிறாள். சிறுமி தனியாக மேலே ஏறி வருகிறாள். அந்த அம்மாவின் நடையைவிட நல்ல வேலை எதையும் நான் இதுவரை செய்ததில்லை.

கடைசியாக மைக்கை வாங்கியவன் என் சொந்த அண்ணன்.

அண்ணி இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அண்ணன் தன் மகளிடம், அம்மா வெளியூரில் வைத்தியத்தில் இருக்கிறாள், குணமானதும் வந்துவிடுவாள் என்று சொல்லிவைத்திருந்தான். சிட்டு என்று கூப்பிடுவோம், ஏழு வயது. வீட்டில் எல்லாரும் அதையே சொல்ல வேண்டும் என்று கட்டளை. நான் சண்டை போட்டுப் பார்த்தேன். பிள்ளை பெற்றிருந்தால் உனக்குப் புரியும் என்று என் வாயை அடைத்துவிட்டான். அத்தையின் பொம்மைகளைப் பார்க்க வேண்டும் என்று சிட்டு அடம்பிடித்தபோதும், அம்மாவைத் தேடிப் போகிற கதை என்று அவனிடம் சொன்னேன். குழந்தைப் படம்தானே, முடிவில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான்.

"இதை எடுத்தவங்களுக்கு மனசாட்சி இருக்கா? அம்மா வரமாட்டாங்கன்னு ஒரு குழந்தைகிட்ட சொல்ல உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?" என்று கேட்டான்.

அரங்கமே கைதட்டியது. அவன் பக்கத்தில் சிட்டு வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கைதட்டலோடு முதலாளி முடிவெடுத்துவிட்டார். மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்ததும் வராததுமாக, அம்மா திரும்பி வந்தே ஆக வேண்டும் என்றார். புதிதாக எடுக்கக்கூட வேண்டாமாம். பனிமூட்டத்துக்குள் போகிற காட்சியை அப்படியே பின்னோக்கி ஓட்டினால் வெளியே வந்துவிடுவாளாம். இத்தனை வருஷம் பொம்மைப் படம் எடுத்த மனிதர் பேசுகிற பேச்சா இது? படத்தொகுப்பாளர் மறுபேச்சில்லாமல் ஓட்டிக் காட்டினார்.

பனி விலகியது. முதலில் முதுகு வந்தது. பிறகு குதிகால்கள். மகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா பின்பக்கமாகவே அடிமேல் அடி வைத்து அவளை நெருங்கினாள். முகத்தையே காட்டாமல், ஒட்டி வந்து நின்றாள். லைட் போடுகிறவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பேய்கூட மூஞ்சியைக் காட்டிக்கொண்டுதான் வரும் என்றேன். முதலாளி சிரிக்கவில்லை. அப்படியானால் நீயே புதிதாக எடு, அம்மா சிரித்துக்கொண்டே வந்து மகள் கையைப் பிடிக்கட்டும் என்றார். உன் அண்ணனே கேட்டுவிட்டாரே, இன்னும் உனக்கு என்ன பிடிவாதம் என்றும் கேட்டார். நான் மாட்டேன் என்றால் வேறு ஆளை வைத்து எடுப்பாராம். சுருக்கென்றது. அம்மா பொம்மையைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் சொன்னதை அவனே முதலாளியிடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் என் படம் போய்விடும்.

சிட்டு முன்னறையில் வரைந்துகொண்டிருந்தாள். பையை அங்கேயே போட்டுவிட்டு, அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவனும் விடவில்லை. ஒரு பொம்மை திரும்பி வந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்றான். பொய் சொல்ல உனக்குத் துணைக்கு ஒரு படம் வேண்டுமா என்றேன். குரலை அடக்கிக்கொண்டுதான் சண்டை போட்டதாக நினைப்பு.

திரும்பினால் சிட்டு நின்றுகொண்டிருந்தாள், பொம்மையைக் கழுத்தில் பிடித்தபடி. முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"அந்தப் பொம்மைப் பொண்ணுக்குக்கூட சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் யாருமே சொல்லலை?"

அண்ணன் என்னைப் பார்த்தான். சோப்புக் கையோடு அவன் அவள் முன்னால் மண்டியிட்டான்.

"அம்மா செத்துட்டாங்க, கண்ணு."

சிட்டு அழவில்லை. போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினாள். அவள் பிறந்தநாளுக்கு, அம்மா வெளியூரிலிருந்து அனுப்பியது என்று அவன் கொடுத்தது. உறங்கும்போதுகூட அதைக் கழற்ற விடமாட்டாள்.

"அப்போ இதை யாரு வாங்கினது?"

"நான்தான்."

அதை அவன் முகத்தில் வீசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினான். போ என்று கத்தினாள். எல்லாம் உன்னால் வந்தது என்று என்மேல் பாய்வான் என்று காத்திருந்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியின் நம்பரைக் கேட்டான். தான் யார் என்று சொன்னான். எதிர்முனையில் அவர் ஏதோ நீளமாகப் பேசினார். கதவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவங்க வரமாட்டாங்க, சார்," என்றான். "அப்படியே விட்டுடுங்க."