மூலைக்கு விடாத இரண்டு அங்குலம்

சமையலறை மூலையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பதினோரு வருடமாக ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனியில் பிளான் போடுகிறேன். எந்த மூலையில் சுழல் தட்டு வைக்கலாம், எதில் இழுத்தால் வெளியே வரும் கூடை வைக்கலாம், எதை வம்பே வேண்டாமென்று பலகை அடித்து மூடிவிடலாம் என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். கைப்பையில் எந்நேரமும் அளவு டேப் கிடக்கும். அதனால் என் அண்ணிகள் எனக்கு வைத்த பெயர் டேப்பு. அப்பேர்ப்பட்ட நான், பிறந்த வீட்டுச் சமையலறையிலேயே, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவள்கூடச் செய்யாத தப்பைச் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

அந்த வீட்டில் என் இரண்டு அண்ணன்களும் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள். நான் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் தனியாக ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஞாயிறு தவறாமல் அங்கே போய்ச் சாப்பிட்டு, சோபாவில் உருண்டு, இரண்டு அண்ணிகளிடமும் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் மற்ற ஆறு நாளையும் ஓட்டுகிறேன்.

பெரிய அண்ணியும் சின்ன அண்ணியும் பேச்சை நிறுத்தி ஆறு வாரம் ஆகியிருந்தது. யாரோ ஒருத்தர் ஃபிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அந்த யாரோ யார் என்பதில் ஆரம்பித்தது, கல்யாணத்துக்கு வந்த சீர்வரை போய் நின்றது. ஆனாலும் சமையல் ஒன்றாகத்தான் நடந்தது. ஒருத்தி அடுப்பைப் பார்த்து, இன்னொருத்தி சிங்க்கைப் பார்த்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தர் சாமானை இன்னொருத்தர் தொடுவதில்லை. நடுவில் நான் தபால்காரி.

"டேப்பு, அங்க நிக்கிறவங்களுக்கு உப்பு ஜாடி வேண்டாம்னா இங்க தரச் சொல்லு."

"டேப்பு, ஜாடிக்குக் கால் முளைக்கலைன்னு சொல்லு."

இந்த லட்சணத்தில் பழைய அலமாரிகள் உளுத்துப்போய், புதுச் சமையலறை போட்டே ஆகவேண்டிய நிலை. அளவெடுக்கப் போன அன்று சின்ன அண்ணன் என்னை மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனான்.

"இந்த மாசக் கடைசியில நாங்க தனியா போறோம். வீடு பார்த்தாச்சு. அண்ணன்கிட்ட இன்னும் சொல்லலை."

"உனக்குப் போகணுமா?"

"எனக்கு என்ன போகணும்? தினம் இந்த ஊமைப் படம் பார்க்க முடியலை. புதுக் கிச்சன்ல ஏதாவது சரியாகுமான்னு ஒரு நப்பாசை. நீ ஏதாவது பண்ணு."

இரண்டு வீடானால் ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போவேன்? எந்த வீட்டில் சாப்பிட்டாலும் மற்ற வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் இரண்டுக்கும் போகாமல் அறையிலேயே ரொட்டியைத் தின்றுகொண்டு கிடப்பேன். அதை நினைக்கவே அழுகையாக வந்தது.

சமையலறை எல் வடிவம். அடுப்பு இருக்கும் சுவர் பெரிய அண்ணிக்கு, சிங்க் இருக்கும் சுவர் சின்ன அண்ணிக்கு. இரண்டும் சேரும் மூலையில் அருமையான இடம் இருந்தது. சுழல் தட்டு ஒன்று வைத்தால் வீட்டுப் பெரிய பாத்திரமெல்லாம் உள்ளே போய்விடும். ஆனால் அதற்குக் கதவு ஏதாவது ஒரு பக்கம்தான் வரும். எந்தப் பக்கம் என்று கேட்டதுதான் தாமதம், இருவர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவங்க பக்கம்னா அந்தத் தட்டே வேண்டாம்," என்றார் பெரிய அண்ணி. சின்ன அண்ணியும் அதையே சொன்னார். ஆறு வாரத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அவ்வளவு நல்ல மூலையை மனசே இல்லாமல் பலகை போட்டு மூடினேன். இரண்டு பக்கமும் மூலைவரை டிராயர் என்று முடிவானது.

இங்கேதான் அந்த இரண்டு அங்குலம் வருகிறது. மூலையை ஒட்டி டிராயர் வைத்தால், இரண்டு டிராயருக்கும் நடுவில் மூலையில் ஒரு பட்டை விட வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் ஃபில்லர் என்று பேர். பார்க்க வெட்டிப் பலகை போலத்தான் இருக்கும். அது இல்லையென்றால் ஒரு டிராயர் திறந்திருக்கும்போது மற்றது அதில் இடித்துக்கொண்டு நின்றுவிடும். இதைப் படம் போட்டு இருவருக்கும் தனித்தனியாக விளக்கினேன்.

மறுநாள் காலை பெரிய அண்ணியின் போன்.

"டேப்பு, அந்தப் பட்டை எதுக்கு வீணா? அதை என் டிராயரோட சேர்த்துடு. அவங்ககிட்ட சொல்லாதே."

"அண்ணி, இடிக்கும்."

"இடிச்சா அவங்களுக்குத்தானே? காலையில முதல்ல எழுந்து திறக்குறது நான்."

போனை வைத்த சூடு ஆறுவதற்குள் சின்ன அண்ணி. "அந்த ரெண்டு இஞ்ச் என் பக்கம் வரட்டும் டேப்பு. அங்க தெரிய வேண்டாம்." இடிக்கும் என்றேன். "இடிக்கட்டும். அலாரத்தை முன்னாடி வச்சுக்கிட்டா போச்சு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒருத்தி வழியை ஒருத்தி மறிப்பதற்கு என் பிளானா கிடைத்தது? சரி, கேட்டதைக் கொடுத்துவிடுவோம் என்று பட்டையை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு அங்குலம் சேர்த்தேன். உங்களுக்குச் சேர்த்தாச்சு என்று இருவருக்கும் போன் செய்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பொருத்த வந்த ஃபிட்டர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், ஃபில்லர் போட மறந்துட்டீங்க."

"மறக்கலை."

"டிராயர் முட்டும் மேடம். இதை மாட்டிட்டு நான் வெளியில தலை காட்ட முடியுமா?"

"நீங்க மாட்டுங்க. தலையை நான் காட்டிக்கறேன்."

புதன்கிழமை மாட்டி முடித்தார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அங்கே நடந்ததைச் சின்ன அண்ணன் போனில் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் எழுகிறவர் தன் டிராயரைத் திறந்து அப்படியே விட்டுவிடுவாராம். மற்றவருக்கு மத்தியானம்வரை கரண்டி கிடையாது. மறுநாள் அவர் அரை மணி முன்னதாக எழுவார். சிரித்து முடித்ததும் பயமும் வந்தது. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

ஞாயிறு காலை நான் போய்ச் சேர்ந்தபோது பெரிய அண்ணியின் டிராயர் முழுசாகத் திறந்து கிடந்தது. சின்ன அண்ணி வந்தார். வீம்பாகத் தன் டிராயரை இழுத்தார். அது நாலு விரல் அளவு வந்து, பெரிய டிராயரின் முகப்புப் பலகைக்குப் பின்னால் கைப்பிடியைக் கொடுத்து நின்றது. அவர் அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பெரிய அண்ணி கரண்டியை எடுத்துக்கொண்டு தன் டிராயரை மூடப் போனார். அது கைப்பிடியில் டங்கென்று இடித்தது. மறுபடி தள்ளினார். மறுபடி டங்.

இப்போது நிலைமை இதுதான். சின்னது உள்ளே போகாமல் பெரியது மூடாது. பெரியது மூடாமல் சின்னது திறக்காது. அடுத்தவர் சாமானைத் தொடக்கூடாது என்ற சட்டத்தை இருவருமே மீறத் தயாரில்லை. அடுப்பில் பால் பொங்கி வந்தது. நகர்ந்தால் தோற்றுப்போவோம் என்று இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் போய் அடுப்பை அணைத்தேன். வேறு எதையும் தொடவில்லை.

"டேப்பு, அந்த டிராயரை உள்ள தள்ளச் சொல்லு," என்றார் பெரிய அண்ணி.

"நான் இன்னைக்கு லீவு அண்ணி," என்று சொல்லிவிட்டு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டேன்.

பெரிய அண்ணி சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அது உள்ள போனாத்தான் இது போகும்."

சின்ன அண்ணி குழாயைப் பார்த்துச் சொன்னார்: "தள்ளுறேன். அப்புறம் அது மூடுமான்னு என்ன நிச்சயம்?"

"மூடாம தலையில தூக்கி வச்சுக்கவா?"

"நேத்து மத்தியானம் வரைக்கும் திறந்துதானே கிடந்துச்சு, அக்கா."

அக்கா. வாய் தவறி வந்துவிட்டது. அது மூன்று பேர் காதிலும் விழுந்தது. சின்ன அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டார். பெரிய அண்ணி கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சரி, நீ தள்ளு. நான் உடனே மூடிடறேன். ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேன்."

"சொல்லுங்க."

மூன்று எண்ணியதும் சின்னது உள்ளே போனது, பெரியது மூடியது, சின்னது தாராளமாகத் திறந்தது. அதற்கப்புறம் இருவரும் மாற்றி மாற்றித் திறந்து மூடிப் பார்த்தார்கள். பெரிய அண்ணி மூலையை விரலால் தடவினார்.

"இங்க ஒரு பட்டை வரணும்னு இவ சொன்னாளே."

"உங்ககிட்டயும் சொன்னாளா? என்கிட்டயும் சொன்னா."

"நீ வேண்டாம்னியா?"

"நீங்க?"

ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்ல வழியில்லாததால் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"வீட்டுல இருக்குறவங்க ஆயிரம் சொல்லுவாங்க. பதினோரு வருஷ சர்வீஸ்காரி, உனக்கு எங்கடி போச்சு புத்தி?" என்றார் பெரிய அண்ணி.

"அக்கா, இவகிட்ட பேசிப் பிரயோஜனம் இல்லை. கம்பெனிக்கே எழுதுவோம்," என்றார் சின்ன அண்ணி.

எழுதியே விட்டார்கள். செவ்வாய்க்கிழமை மேலாளர் அந்தப் புகார்க் கடிதத்தை என் முன்னால் போட்டார். கையெழுத்து சின்ன அண்ணியுடையது. வசவு பெரிய அண்ணியுடையது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்கள். அடியில் இரண்டு கையொப்பம், ஒன்றன் கீழ் ஒன்றாக. மேலாளர் அரை மணி நேரம் தாளித்தார். என் கண் அந்த இரண்டு கையொப்பத்திலேயே நின்று கலங்கிவிட்டது. நான் வருந்துவதாக நினைத்து அவர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

மாசக் கடைசியில் சின்ன அண்ணன் தயங்கித் தயங்கி, அந்த வாடகை வீட்டுக்காரர் சாவி வாங்க வரச் சொல்கிறார் என்று பேச்சை எடுத்திருக்கிறான். சின்ன அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"இந்த மூலையைச் சரி பண்ணாம நான் எங்கயும் நகர்றதா இல்லை. நான் போயிட்டா அக்கா ஒத்தையா நின்னு உங்க தங்கச்சியோட மல்லுக்கட்ட முடியுமா?"

இதைக் கேட்ட அன்றே ஃபிட்டர் என் மேசைக்கு வந்தார். புதுப் பட்டையும் சின்னதாக்கிய டிராயர்களும் தயார், ஒரு மணி நேர வேலை, போய் மாட்டிவிட்டு வரட்டுமா என்றார். குடோனிலேயே இருக்கட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் ஓடிவிட்டது. ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து என்னை வாங்கு வாங்கென்று வாங்குகிறார்கள். பலகை நிறம் ஒத்துவரவில்லை என்பேன், லாரி வரவில்லை என்பேன், ஃபிட்டருக்கு முதுகு வலி என்பேன். அவர் கல்லுக்குண்டு போல நடமாடிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் வேலை நேரத்தில் பெரிய அண்ணியிடமிருந்து போன். குரல் கிசுகிசுவென்று இருந்தது.

"டேப்பு, அவ துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கா. சட்டுனு சொல்லு. அந்தப் பட்டை வந்துடுச்சா?"

இவரிடம் இனிமேலும் புளுக எனக்கு வாய் வரவில்லை. "வந்து எட்டு மாசம் ஆச்சு அண்ணி," என்றேன்.

திட்டுக்குக் காதைத் தயார் செய்துகொண்டேன். அந்தப் பக்கம் டிராயர் ஒன்று மெதுவாக மூடும் சத்தம்.

"அவ கேட்டா இன்னும் வரலைன்னே சொல்லு," என்றார் பெரிய அண்ணி.