அசையாத கேமரா

முப்பத்தெட்டுக் கட்டுரைகளில் இருபத்தேழைத் திருத்தி முடித்தபோது டீச்சருக்குக் கண் பூத்துப் போயிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பாடமாக வைத்திருந்த சினிமாவின் ஒரே காட்சியைத்தான் அலசியிருந்தார்கள். மகள் பெட்டியோடு வெளியே போகிறாள். கதவு சாத்தப்படுகிறது. மேஜை முன்னால் அப்பா உட்கார்ந்தே இருக்கிறார். ஒரு ‘கட்’கூட இல்லாமல், ஒரே ஷாட்டாக நாற்பது விநாடி. ‘கேமரா அசையவில்லை, அது அப்பாவின் உறைந்த மனதைக் காட்டுகிறது’ என்று வரி மாறாமல் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. பதினொரு வருஷமாக அவர் கொடுத்துவரும் குறிப்புத்தாளில் இருந்த வாக்கியம் அது.

இருபத்தெட்டாவது தாள், எழுதுவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் வகுப்பில் ‘ரப்பர்’ என்று பேர் வாங்கிய பெண்ணுடையது. அந்த வாக்கியம் அதிலும் இருந்தது. ஆனால் அதற்கு அடியில், அழித்த பிறகும் பென்சில் அழுத்தம் தாளில் பதிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ‘கேமரா அவரிடம் போகிறது.’

மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, ஏன் அழித்தாய் என்று கேட்டார்.

“குறிப்புத்தாள்ல அசையலைன்னு போட்டிருந்தீங்க மிஸ். நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்னு நினைச்சேன்.”

இருவரும் படம் போடும் அறைக்குப் போனார்கள். காட்சி தொடங்கியதும் நிறுத்தி, இடது ஓரத்தில் ஜன்னல் சட்டம் தெரிந்த இடத்தில் திரைமேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார் டீச்சர். ஓடவிட்டார்கள். நாற்பதாவது விநாடியில் ஜன்னல் சட்டம் டேப்பைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே போயிருந்தது. மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் அதேதான்.

டீச்சர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் இந்தக் காட்சி ஓடும்போதெல்லாம் அவர் திரைக்கு முதுகைக் காட்டி, யார் தூங்குகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுரைகள் திங்கட்கிழமை வெளித் தேர்வாளருக்குப் போகவேண்டும். அன்று வியாழன். துறைத் தலைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். எல்லாரும் ஒரே தப்பைத்தானே செய்திருக்கிறார்கள், எந்தத் தேர்வாளர் திரையில் டேப் ஒட்டிப் பார்க்கப்போகிறார், பேசாமல் விட்டுவிடுங்கள் என்றார். அதில் நியாயம் இருப்பதுபோல்தான் டீச்சருக்கும் பட்டது. அவ்வளவு அலுப்பு. ஆனால் கடைசி வகுப்புக்குப் போனதும், உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

“குறிப்புத்தாள்ல இருக்கறது தப்பு. நான் சரியாப் பாக்கல. கேமரா நகருது.”

பின்வரிசையிலிருந்து ஒருவன், அப்படியானால் நாங்கள் எழுதியதெல்லாம் வீணா என்று கேட்டான். ஒரு பத்தியைத்தான் மாற்றவேண்டும், ஆனால் கட்டுரையின் உயிரே அந்தப் பத்தியில்தான் இருக்கிறது என்றார் டீச்சர். யாரும் அவரைத் திட்டவில்லை. பெருமூச்சுகள்தான் வந்தன. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் மாற்றிக் கொடுத்த தாள்களோடு சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். கணவர் சாதத்தைப் பிசைந்து கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “கண்ணையாவது கொஞ்சம் மூடும்மா” என்று சொல்லிப் போனார்.

ஒன்பது பேர் முழுப் பத்தியையும் புதிதாக எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் ‘அசையவில்லை’ என்பதை அடித்துவிட்டு ‘மெல்ல நகர்கிறது’ என்று போட்டு, உறைந்த மனதை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

ரப்பர் இந்த முறை கட்டுரை முழுவதையும் பேனாவால் புதிதாக எழுதத் தொடங்கியிருந்தாள். ‘மகள் போய்விட்டாள். அப்பா எழுந்திருக்கவில்லை. அவருக்குத் துணையாக நாம்தான் கிட்டே போகிறோம். தொடும் தூரம் வருவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது.’ அதை இரண்டு முறை படித்தார். அடுத்த பத்தி பாதியில் நின்றிருந்தது. முடிவுரையே இல்லை. இருபதுக்குப் பதினான்கு போட்டார்.

திங்கட்கிழமை காலையில் மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆசிரியர் அறை வாசலில் அவள் வந்து நின்று, ஆறு மார்க் எங்கே போனது என்று கேட்டாள். வாதாடிப் பழக்கமில்லாத பெண். முடிவுரை இல்லையே என்றார் டீச்சர்.

“நேரம் பத்தல மிஸ். வியாழக்கிழமைதானே சொன்னீங்க.”

அது உண்மை. டீச்சர் கட்டைப் பிரித்து அவள் தாளை உருவிக் கொடுத்தார். தேர்வாளரின் ஆள் பதினொரு மணிக்குத்தான் வருவார் என்று சொல்லி, தன் மேஜையில் ஓர் ஓரத்தை ஒதுக்கிவிட்டார். அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.