சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே

சுற்றிச் சுற்றி ஓடுகிறாள் நிலானி, கூடத்தின் நடுவே நாற்காலியில் அம்மா, அம்மாவைச் சுற்றித் தரையில் பெரிய சாக்பீஸ் வட்டம், கோட்டை ஒட்டியே அந்த மூன்று வயதுப் பாதங்கள் தப்தப்பென்று ஓடுகின்றன, செண்பகவல்லிக்குத் தலை சுற்றுகிறது, மருந்தின் அசதியா, மகளைப் பார்த்துப் பார்த்தா என்று தெரியவில்லை, கண்ணை மூடினால் பள்ளிக்கூட மைதானம் வந்துவிடுகிறது, கோவில்பட்டி வெயிலில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அணுவாக நிறுத்தி வைத்த நாள், நடுவில் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு புரோட்டான்களும் நியூட்ரான்களும் அணுக்கருவாக நிற்கிறார்கள், தள்ளி ஓடுகிறவர்கள் எலக்ட்ரான்கள், இரண்டுக்கும் இடையே ஒன்றுமில்லாத வெறும் மண், டீச்சர், உள்ள இருக்கவங்க இழுத்துக்கிட்டே இருந்தா வெளிய சுத்துறவங்க வந்து விழுந்திர மாட்டாங்களா என்று ஒருத்தி கேட்டாள், விழாதும்மா, அதுக்குன்னு ஒரு பாதை இருக்கு, அதுலதான் நிக்கும் என்றாள் இவள், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்.

கழுத்தில் வந்த கட்டியைப் புற்று என்றார்கள், அறுத்து எடுத்தார்கள், மிச்சம் மீதியை எரிக்க அயோடின் மாத்திரை கொடுத்தார்கள், உப்பில் கலக்கிற அயோடின் அல்ல, கருவில் நாலு நியூட்ரான் கூடுதலாக இருப்பது, இருப்புக்கொள்ளாத கரு, அதில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி ஓர் எலக்ட்ரானைத் துப்பிவிடும், கூடவே கதிர்வீச்சும் கிளம்பும், வகுப்பில் ஐந்து நிமிடத்தில் நடத்திவிடுகிற பாடம், அது இப்போது அவள் உடம்புக்குள் நடந்துகொண்டிருந்தது, சின்னப் பிள்ளை மூணு வாரத்துக்குப் பக்கத்துலயே வரக்கூடாதும்மா என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினார். அதுவரைக்கும் பாப்பாவ எங்க அக்கா வீட்ல விட்ருவோமா செம்பா என்று கணவன் இசக்கிராஜா கேட்டான், வேண்டாங்க, தொடத்தான் கூடாது, கண்ணால பாத்துக்கிட்டாவது கெடக்கேனே என்றாள், பெத்த மனம் பித்து என்பது பொய்யில்லை, அந்தப் பித்துதான் பள்ளிக்கூடப் பையிலிருந்து சாக்பீஸை எடுக்க வைத்தது, அவன் கோடு போட, இவள் விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாள், அம்மாதான் கரு, நீ எலக்ட்ரான், கோட்டுக்கு வெளியதான் ஓடணும், சரியா.

முதல் நாட்களில் கோட்டில் கால் விரல்களை வைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கி, தூக்கும்மா, தூக்கும்மா என்று அழுதாள், இந்த மருந்துக்காகவே போன மாதம் பாலை மறக்கடிக்க மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசியபோதுகூட, கசக்கும்மா என்று முகம் சுளித்துவிட்டு மடியிலேயே தூங்கிப்போன பிள்ளை, இப்போது மடியே கிடையாது, செண்பகவல்லி நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, எலக்ட்ரான் உள்ள வரக்கூடாதுல்ல என்று குரல் நடுங்காமல் சொல்லப் பழகினாள், கோட்டுக்கு வெளியே நின்ற ஒவ்வொரு தடவையும் கைதட்டினாள், அழுகை குறைந்தது, பிறகு நின்றே போனது, பிள்ளை கேட்பதையே விட்டுவிட்டாள், அன்றைக்கு இவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, இன்னொரு தடவை தூக்கும்மா என்று கேட்க மாட்டாளா என்றும் இருந்தது.

இனிமே பயமில்ல, பிள்ளையத் தூக்கிக்கோங்கம்மா என்று டாக்டர் சொன்ன காலையில் வீடு வந்ததும் வராததுமாக ஈரத்துணியால் கோட்டைத் தானே துடைக்கிறாள், சுவடு தெரியாமல் துடைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாடி தங்கம், அம்மா மடிக்கு வா என்று கையை நீட்டுகிறாள், நிலானி ஓடி வருகிறாள், வந்த வேகத்தில் கோடு இருந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறாள், கோடு இல்லடா, அழிச்சாச்சு, வா என்கிறாள் இவள், அவள் வரவில்லை, செண்பகவல்லி முட்டி போட்டு முன்னால் நகர்கிறாள், நகர்ந்த அளவுக்குப் பிள்ளையும் பின்னால் நகர்கிறாள், அவள பிடிச்சு மடில ஒக்கார வைக்கட்டா என்று வாசல் பக்கமிருந்து இசக்கிராஜா கேட்கிறான், வேண்டாங்க, பயந்துருவா என்கிறாள், அதற்குள் குட்டிப் பாதங்கள் தப்தப்பென்று ஓட ஆரம்பித்துவிட்டன, துடைத்த தரையில் இல்லாத கோட்டைப் பிசகாமல் ஒரு சுற்று சுற்றி வந்து, மூச்சு வாங்க நின்று, பாத்தியாம்மா, நான் உள்ள வரவே இல்ல என்று சிரிக்கிறாள், அம்மா கைதட்டுவாள் என்று காத்துக்கொண்டு நிற்கிறாள்.