களித் துடுப்பில் ஒரு பெயர்

எனக்கு இருப்பது இரத்த அழுத்தம் இல்லை, ஃபெர்மோ அழுத்தம் என்பாள் என் மனைவி ஒர்னெல்லா. நான் அவளோடு சண்டைக்குப் போவதில்லை. உண்மையைச் சொல்பவளோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது.

ஃபெர்மோ குழாய் வேலைக்காரன். எங்கள் லொம்பார்தியப் பள்ளத்தாக்கில் பாதி வீட்டுக் குளியலறைகள் அவன் போட்டவை. என் வீட்டுடையதும்தான், இருபது வருடத்துக்கு முன்னால். நான் தொழிற்பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் மின்னணுவியல் வாத்தியாராக இருந்தவன். வீட்டிலிருந்தே உலகத்தோடு வானொலியில் பேசும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி நாற்பது வருடம் ஆகிறது. அவன் வேலையை விட்ட பிறகு பொழுது போகாமல் அதே லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதினான், முதல் தடவை கோட்டை விட்டான், இரண்டாவது தடவை தேறினான். அது மூன்று வருடத்துக்கு முந்திய கதை. அதுவரைக்கும் உலகம் நியாயமாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

பிறகு அவன் அந்த வளையத்தைச் செய்தான்.

யார் வீட்டிலோ மிஞ்சிய செம்புக் குழாய். அதை வளைத்து ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத வட்டமாக்கி, உச்சியில் வாய் திறந்து விட்டு, அந்த இடைவெளியில் ஒரு கண்டென்சர் வைத்திருந்தான். கீழே உள்பக்கம் சின்னதாக ஒரு கம்பி வளையம். கேமரா முக்காலியில் மாட்டினால் ஆன்டெனா தயார், கழற்றினால் முதுகுப் பைக்குள் போய்விடும். எங்கள் ரேடியோ சங்கத்துக்கு அதை அவன் கொண்டுவந்த அன்றைக்கு நான்தான் முதலில் சிரித்தேன்.

"டேய் ஃபெர்மோ, இதுல எந்தக் குளியலறைத் திரையைத் தொங்கவிடப் போற?"

"உங்க வீட்டுத் திரைதான் வாத்தியாரே, கிழிஞ்சு கெடக்குல்ல" என்று அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவன் குடியிருக்கும் கட்டடத்தில் கூரைமேல் ஆன்டெனா வைக்கத் தடை. அதனால் மூன்றாவது மாடி பால்கனியில் ஜெரேனியப் பூந்தொட்டிகளுக்கு நடுவே அதை நிறுத்தினான். வெறும் ஐந்து வாட். ஒரு சின்ன மின்விளக்கு அளவு சக்திகூட இல்லை. அன்று சாயங்காலம் கேனரித் தீவுகளோடு பேசினான். அடுத்த வாரம் பிரேசில். என் தோட்டத்தில் பன்னிரண்டு மீட்டர் ஆன்டெனாக் கம்பம் நிற்கிறது. அதை நட நகராட்சிக்கு இரண்டு வருடம் நடந்திருக்கிறேன். அதில் எனக்குக் கேட்பது பக்கத்து வீட்டுச் சூரிய மின்தகடு ரேடியோவில் கிளப்பும் இரைச்சல் மட்டுமே. அவனுக்கும் அதே மாதிரி பக்கத்து வீட்டு இரைச்சல் உண்டு. ஆனால் வளையத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் அந்தப் பக்கம் செவிடாகிவிடுமாம். கதவைச் சாத்துகிற மாதிரி திருப்பிவிட்டு ஆர்ஜென்டினாவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுல்ல" என்றார் சங்கத் தலைவர் பத்திஸ்தா, என்னைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான சொல் எதுவும் கிடையாது. என் கம்பத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவன் கால்சைனை, அதாவது லைசென்ஸோடு கிடைத்த ரேடியோப் பெயரை, யாராவது சொன்னாலே பேச்சை மாற்றினேன். ஒருநாள் குளியலறைக் குழாய் சொட்டியபோது அவனைக் கூப்பிடாமல் அடுத்த ஊர் ஆளைக் கூப்பிட்டேன். வந்தவன் இன்னும் அதிகமாகச் சொட்ட வைத்துவிட்டுப் போனான்.

எங்கள் சங்கத்தில் ஒரு துடுப்பு இருக்கிறது, களி கிண்டுகிற துடுப்பு. நவம்பரில் ஆண்டு விருந்து, முயல் கறியும் மக்காச்சோளக் களியும். ஐந்து வாட் கருவியை முதுகில் சுமந்து மலை ஏறி, அங்கிருந்து நியூசிலாந்தைப் பிடித்தவனுக்கு மட்டும்தான் அந்த வருடம் களி கிண்டும் உரிமை. அவன் கால்சைனைத் துடுப்பின் கட்டையில் சூட்டுக்கோலால் எரித்து எழுதுவார்கள். முப்பது வருடத்தில் இரண்டே பெயர்கள். யாருக்கும் கிடைக்காத வருடங்களில் பத்திஸ்தாவின் மனைவி கிண்டுவாள். சிரிக்காதீர்கள். எனக்கு அந்தக் கட்டையில் என் பெயர் வேண்டும். ஆறு இலையுதிர் காலம் ஏறி இறங்கியிருக்கிறேன். உலகத்தின் நேர் எதிர்ப் பக்கம் நியூசிலாந்து. அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைகளில் சூரியன் எழுந்த பிறகு அரை மணி நேரம் அங்கிருந்து ஒரு கிழவர் மோர்ஸில், புள்ளியும் கோடுமான தந்தி ஒலியில், வருவார். ஆறு வருடமும் நான் அவரைக் கேட்டேன். அவர் என்னைக் கேட்கவில்லை.

இந்த அக்டோபரில் ஃபெர்மோ வந்தான்.

"ஞாயித்துக்கிழமை ஸ்பினா மலைக்கு வரீங்களா வாத்தியாரே? நானும் அந்த நியூசிலாந்துக்காரரைக் கூப்பிட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். நீங்க கூட இருந்தா தைரியமா இருக்கும்."

வருகிறேன் என்றேன். நல்ல மனசோடு சொல்லவில்லை. அவன் தோற்பதை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இருட்டு விலகும்போது உச்சியில் இருந்தோம். அங்கே நட்டிருக்கும் இரும்புச் சிலுவைக்குக் கீழே சரியான காற்று. என் பத்து மீட்டர் மடக்குக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தினேன், காற்று நடுவில் ஒடித்துப் போட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் காற்றைத் திட்டினேன், மலையைத் திட்டினேன், சிலுவையை மட்டும் விட்டுவிட்டேன். அதற்குள் ஃபெர்மோ கற்களுக்கு நடுவே முக்காலியை நிறுத்தி, வளையத்தை மாட்டி, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்த வளையத்துக்குச் சுருதி மாதிரி ஒன்று உண்டு. கண்டென்சர் குமிழை மயிரிழை திருப்ப வேண்டும். சரியான இடத்துக்கு வந்ததும் ஒலிபெருக்கியில் இரைச்சல் குப்பென்று ஏறும். அதுதான் அடையாளம். மயிரிழை தள்ளினால் விழுந்துவிடும். ஆள் உடம்பும் அதற்கு ஆகாது. யாராவது நெருங்கி நின்றாலே சுருதி கலைந்து, அனுப்புவது முக்காலியைத் தாண்டாது. அதனால் ஃபெர்மோ குமிழில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயைச் செருகி எட்ட இருந்தே திருப்பினான். நான் ஆறேழு அடி தள்ளி நின்றேன்.

ஏழே முக்காலுக்குக் கிழவர் வந்தார். மெல்லிசாக, ஆனால் தெளிவாக. ஃபெர்மோ மோர்ஸ் சாவியைத் தட்டினான். அவனுடைய மோர்ஸ் மாட்டு வண்டி மாதிரி, ஒரு சக்கரம் தாமதமாகத்தான் வரும். அனுப்பி முடித்தான்.

பதில் வந்தது. எங்கள் லொம்பார்தியக்காரர்கள் எல்லோருடைய கால்சைனுக்கும் பொதுவான முதல் மூன்று எழுத்து, பின்னால் ஒரு கேள்விக்குறி.

எங்கள் உலகத்தில் இதற்கு ஒரு மரியாதை உண்டு. அரைகுறையாகக் கேட்ட பெயரோடு கேள்விக்குறி வந்தால், கூப்பிட்டவன் மட்டும்தான் பதில் சொல்லலாம். மற்றவர்கள் அவன் பெயர் முடியும்வரை வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. மீறினவனை யாரும் மறப்பதும் இல்லை.

"வாத்தியாரே! கேட்டுடுச்சு! பாதிப் பேரு கேட்டுடுச்சு!"

மூன்று வருட லைசென்ஸ். மிஞ்சிய குழாய். ஆறு வருடமாக என்னைக் கேட்காத அந்தக் காது இவனைக் கேட்கிறது. நன்றாகக் கேட்க வேண்டும் என்று ஓரடி முன்னால் வைத்தேன். அந்த ஓரடி தெரியாமல் வைத்ததுதான். இரைச்சல் இறங்கியது. ஃபெர்மோ முழுப் பெயரையும் அனுப்பினான். மறுபடியும் அதே மூன்று எழுத்து, கேள்விக்குறி.

அடுத்து வைத்த ஓரடி தெரிந்தே வைத்தது. அவன் அனுப்பினான். கேள்விக்குறி. மூன்றாவது தடவை நான் வளையத்துக்கு ஒரு கை தூரத்தில், காற்றுக்கு ஒதுங்குபவன் மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை கேள்விக்குறியே பாதிதான் கேட்டது.

ஃபெர்மோ நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

"கை நடுங்குது வாத்தியாரே. நீங்க உக்காருங்க. உங்க கை சுத்தமான கை. என் பேரை நீங்க போட்டுக் குடுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க? ஆடா போடும்? சீக்கிரம், அவரு போயிடுவாரு. நான் தள்ளிப் போயிடறேன், சுருதி கலையாது."

என் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. சிலுவையைத் தாண்டி இருபது அடி நடந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்தக் காற்றில் அங்கே எதுவும் கேட்காது.

உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் குழாயை மயிரிழை திருப்பினேன். இரைச்சல் குப்பென்று ஏறியது. எவ்வளவு நல்ல ஆன்டெனா அது. அந்த நேரத்திலும் அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கிழவர் பொறுமையாகக் கடைசித் தடவையாகக் கேட்டார், மூன்று எழுத்து, கேள்விக்குறி.

முதல் மூன்று எழுத்தை அனுப்பினேன். அதுவரை அது ஃபெர்மோவின் பெயரும்தான், என் பெயரும்தான். மிச்ச எழுத்துகளை என்னுடையதாக அனுப்பினேன். கை வழுக்கவில்லை. யோசித்துத்தான் அனுப்பினேன். அதற்கு நிறைய நேரம் இருந்தது.

கிழவர் என் கால்சைனை முழுசாக, ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். என் சத்தம் எப்படி இருக்கிறது என்று எண்ணைச் சொன்னார். நான் அவர் சத்தத்துக்கு ஒரு எண்ணைச் சொன்னேன். நன்றி சொன்னார். அவர் சத்தம் நடுக்கடலில் முங்குவது போல முங்கிப் போனது.

கையைத் தூக்கி ஆட்டினேன். ஃபெர்மோ கல்லில் தடுக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"கெடச்சுதா? என் பேரச் சொன்னாரா?"

"கெடச்சுதுடா. ஆனா..." சாவியை அவன் பக்கம் நகர்த்தினேன். "கைப்பழக்கம்டா ஃபெர்மோ. நாப்பது வருஷமா ஒரே பேரைத் தட்டுன கை. முதல் மூணு எழுத்து போனதும் மிச்சம் தானா ஓடிடுச்சு. என் பேரு போயிடுச்சு."

அவன் வளையத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு என் தோளில் தட்டினான்.

"விடுங்க வாத்தியாரே. மலைக்குத் தெரியுமா யாரு பேருன்னு."

அதற்குப் பிறகு ஒன்பது மணிவரை அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். யாரும் வரவில்லை. இறங்கும்போது என் ஒடிந்த கம்பத்தையும் அவனே சுமந்தான். அடுத்த ஞாயிறு மழை, அதற்கடுத்த ஞாயிறு பனி. பருவம் முடிந்துவிட்டது.

நவம்பர் விருந்தில் பத்திஸ்தா சூட்டுக்கோலால் என் பெயரை எழுதினார். மரம் கருகும் வாசனைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். ஃபெர்மோ கதையை மேசை மேசையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தான். "குதிரையை வீட்டுப் பக்கம் திருப்பினா அது நம்ம வீட்டுக்கா போகும்? அது வீட்டுக்குத்தான போகும்! அந்த மாதிரி வாத்தியார் கை!" என் முதுகில் தட்டாதவர் இல்லை. ஒர்னெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவள்.

முக்கால் மணி நேரம் களி கிண்டினேன். சட்டியைத் தூக்கிப் பலகையில் கவிழ்க்க இரண்டு ஆள் வேண்டும். ஃபெர்மோ துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"அடுத்த வருஷம் உன் பேருதான்டா. நானே கூட வரேன்."

"வேணாம் வாத்தியாரே."

"ஏன்டா?"

அவன் சட்டியின் காதைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நீங்க கிட்ட வரப்பல்லாம் இரைச்சல் எறங்குச்சு. மூணு தடவையும். நான் குழாய்க்காரன், சுவத்துக்குள்ள ஒழுகுறதையே காதுல புடிச்சிடுவேன்."

துடுப்பு களிக்குள் நின்றுவிட்டது.

"தெரிஞ்சுமாடா சாவியைக் குடுத்த?"

"தெரிஞ்சதாலதான் குடுத்தேன். வெளிய நின்னா கெடுப்பீங்கன்னு புரிஞ்சு போச்சு. உங்க கைலயே குடுத்துட்டா கெடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

வெளியே பத்திஸ்தா கரண்டியால் தட்டைத் தட்டினார். "களி வருமா, இல்ல நியூசிலாந்துலேருந்து வரணுமா?"

"இந்தா வருது!" என்று ஃபெர்மோ கத்தினான். துணியின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினான். "புடிங்க வாத்தியாரே. ஆறுனா கட்டியாயிடும்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகையில் கவிழ்த்தோம்.