வானம் காயவில்லை

இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூன்று நாளாகச் சாரத்துக்கு மரம் சுமந்ததில் குனிந்தால் நிமிர முடியவில்லை. ஆற்றங்கரைத் தேவாலயத்தின் பழைய கோபுரம் சாய்ந்துவிட்டதால் அதைப் பிரிக்கும் வேலை. மறுநாள் காலை கிரேன் வரும்.

படித்துறையில் தொப்பி போட்ட ஒரு அம்மா, காலையிலிருந்து அந்தக் கோபுரத்தை நீர்வர்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார்.

"எங்க அக்காவுக்குங்க. அவளுக்கு இங்கதான் கல்யாணம் ஆச்சு. இப்ப படுத்த படுக்கை. போட்டோ காட்டினா உயிரில்லைங்கிறா" என்றார். மதியம் சாப்பிடப் போகும்போது, "பறந்துடாம பார்த்துக்குங்கண்ணே" என்று படத்தை என்னிடம் விட்டுப்போனார்.

நான்கு மூலைக்கும் கல் வைத்தேன். உச்சி வெயில். தாள் முறுக்கிக்கொண்டு வந்தது. சுவரின் புதுச் சிமெண்டுப் பூச்சை வெயிலில் காயவிட்டால் வெடித்துவிடும்; இருபது வருஷமாக என் கைக்கு அது தெரியும். நல்லது செய்வதாக நினைத்து, சுவருக்குத் தெளிப்பது போலவே ஆற்றுத் தண்ணீரை அள்ளித் தெளித்தேன்.

வர்ணம் கரைந்து, படத்தில் கோபுரம் ஆற்றுக்குள் வழிந்தது.

"படத்துக்குத் தண்ணி விட்ட ஒரே கொத்தனார் நீதான் மச்சான்" என்று சாரத்திலிருந்து ஒருவன் சிரித்தான்.

சாப்பிட்டுத் திரும்பிய அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "காலையில மறுபடி போடறேன். கோபுரம் எத்தனை மணி வரைக்கும் நிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

மேஸ்திரியிடம் ஒரு பகல் தள்ளிப்போடக் கேட்டுப் பார்த்தேன்.

"படத்துக்காக கிரேனை நிறுத்தவா? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சாடா? எட்டு மணிக்கு முதல் கல் இறங்கணும்."

விடிந்ததும் அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். முதலில் வானத்தைத் தீட்டினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"கோபுரத்தைப் போடுங்கம்மா, நேரமாகுது!"

"வானம் காயாம வச்சா கலங்கிடும்ணே. நேத்து பார்த்தீங்கல்ல."

ஆற்றுப் பனியில் அது காய்வதாக இல்லை. உச்சிக்கு ஏறியவன் நான்தான். உளியை மெதுவாகத் தட்டினேன். முனை மழுங்கிவிட்டது என்று ஒரு முறை இறங்கி ஏறினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; அது பொய்யில்லை.

"மேல என்னடா, தூங்குறியா?" என்று மேஸ்திரி கத்தினார்.

எட்டரைக்கு உச்சிக்கல் கிரேனில் தொங்கியது.

இறங்கி வந்து பார்த்தேன். படத்தில் கோபுரம் பாதிதான் ஏறியிருந்தது.

"மீதியை மனசுல இருந்து போட்டுடலாமேம்மா?"

"போடலாம். அக்கா கண்டுபிடிச்சிடுவா."

ஈரத் தாளை அட்டையோடு தூக்கிக்கொண்டு போனார். அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. அவருக்கு நான் அரைக் கோபுரம் பாக்கி.